ஒன்பது விநாடி சாட்சி!

பிணத்தின் முகத்தைக் காட்டப் போகிற நேரம் பார்த்துப் படம் நின்றது!

திரையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் வாசல். வெள்ளைத் துணி கட்டிய பந்தல். தப்பு மேளம் அடிக்கிறவர்களின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. சவப்பெட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது. பெட்டிக்குள் படுத்திருந்தவள் தெரியவில்லை.

"தம்பி... என்னா நின்னுருச்சி?"

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள் ஜீவராணி.

"இருங்கக்கா. திருப்பிப் போடுறன்."

நிப்ராஸ் மறுபடி தட்டினான். 'கண்ணீர் அஞ்சலி - அமரர் வீரம்மா' என்று எழுத்து வந்தது. கம்பியூட்டர் ரோஜா இதழ்கள் மேலிருந்து கொட்டின. லயம்... பந்தல்... தப்பு...

நின்றது!

அதே இடம். சரியாக ஒன்பது விநாடி.

ஹட்டன் மெயின் வீதியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நிப்ராஸின் வீடியோ கடை. பழைய டிஸ்க்குகளில் கிடக்கும் படங்களைப் பென்ட்ரைவுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் இப்போது அவன் பிழைப்பு. கல்யாண வீடியோ வரும், சடங்கு வீடியோ வரும். சாவு வீட்டு வீடியோவும் வரும்!

சாவை யாராவது வீடியோ எடுப்பார்களா என்று கேட்காதீர்கள். மலையகத்தில் எடுப்பார்கள். மகள் குவைத்தில் பாத்திரம் கழுவுவாள், மகன் கட்டாரில் கம்பி கட்டுவான். நினைத்த நேரத்தில் வர முடியாது, பிணமும் காத்திருக்காது. அதனால் படம் பிடித்து டிஸ்க்கில் அனுப்பி வைப்பார்கள். அங்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதைப் போட்டுப் பார்த்து அழுது தீர்ப்பார்கள்.

ஜீவராணிக்கும் அப்படி ஒரு டிஸ்க் போனது, 2011இல்.

ஆனால் அவள் பார்க்கவில்லை.

"என் கூடப்பொறந்த தம்பி ஃபோன்ல ஓன்னு அழுதான். 'பாக்காதக்கா, நீ தாங்கமாட்ட'ன்னான். பாக்காம பெட்டிக்கு அடியில போட்டுட்டேன். பொறகு அந்த வீட்ட விட்டு ஓடி, பாஸ்போட்டு இல்லாம ஒளிஞ்சி ஒளிஞ்சி வேல செஞ்சேன். பொதுமன்னிப்பு குடுத்த பொறகுதான் ஊருக்கே வர முடிஞ்சிச்சி. பதினெட்டு வருசம் தம்பி! எங்கம்மா செத்த மொகத்த இன்னும் நான் பாக்கல!"

நிப்ராஸ் டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முதுகுப் பக்கத்து வெள்ளிப் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்து, வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.

"இது கடையில ரைட் பண்ணின டிஸ்க்குக்கா. பத்து வருசம் இருந்தாலே பெரிய விசயம். இது குவைத்து சூட்டுல பதினாலு வருசம் கெடந்திருக்கி. மூணு மெஷின்ல போட்டுப் பாத்துட்டன். ஒம்பது விநாடிக்கு மேல ஒண்ணும் வராது."

"வீடியோ எடுத்த இராமையா அண்ணங்கிட்ட டேப்பு இருக்காதா?"

"அவர் மவுத்தாகி ஆறு வருசம். உசுரோட இருந்தாலும் பலன் இல்ல. டிஸ்க்குல ஏத்தினதும் அதே டேப்புல அடுத்த கலியாணத்த எடுத்திருவாங்க. அப்ப எல்லாரும் அப்பிடித்தான்."

ஜீவராணி அழுவாள் என்று எதிர்பார்த்தான் நிப்ராஸ். அவள் அழவில்லை. பல்லைக் கடித்தாள்.

"அழுகுறதுக்கு நான் இத கொண்டாரல தம்பி. அம்மாவ கொன்னவன புடிக்கத்தான் கொண்டாந்தேன்!"

"கொன்னவனா?"

"கண்டாக்கு நல்லமுத்து!"

தோட்டத்து மலைகளில் வேலை வாங்கும் உத்தியோகத்தருக்குக் கண்டாக்கு என்று பெயர். நல்லமுத்து கண்டாக்காக இருந்த காலத்தில் அவர் குரல் கேட்டால் ஆள்கள் என்ன, நாய்களே எழுந்து நிற்கும். இப்போது பென்ஷனில் இருக்கிறார். வட்டவளையில் வீடு.

அந்த வீட்டில்தான் வில்லங்கமே!

"அது என் வீடு! அரபிக்காரி எச்சித்தட்ட கழுவிக் கழுவி நான் கட்டுன வீடு. அம்மா பேர்ல இருந்துச்சி. நான் வந்த பொறகு குடிபோவோம்னு அது லயத்துலயே இருந்துச்சி. ஒரு நா காலம்பற, ஊத்துத்தண்ணி கொட்டுற பீலிக்குப் போன அம்மா பாசி வழுக்கி விழுந்து செத்துப்போச்சின்னாங்க. மூணாம் மாசம் நல்லமுத்து சட்டிபானையோட வீட்டுக்குள்ள போயிட்டான். கேட்டா, 'உங்கம்மா எனக்கு வித்துட்டா'ன்னு பத்திரத்த காட்டுறான். பத்திரத்துல கைநாட்டு!"

"அதுக்கென்ன? அந்தக் காலத்து ஆளுங்க கைநாட்டுத்தானே..."

"எங்கம்மா கையெழுத்து போடுவா! போறதுக்கு முந்தி நானே ஒக்காந்து பழக்குனேன். பேங்குல எல்லாம் கையெழுத்துத்தான். அப்ப அந்த வெரல யாரு புடிச்சி வச்சா? தம்பி தர்ஷன் அப்பவே சொன்னான், எல்லாம் நல்லமுத்து வேலதான்னு. அவன் சின்னப்பய, கண்டாக்கோட மோத முடியுமா?"

"வீடியோவுல என்ன கெடைக்கும்னு நெனச்சீங்க?"

"அம்மா ஒடம்புல காயம் தெரியும். நல்லமுத்து மொகம் தெரியும். ஏதாச்சும் ஒண்ணு மாட்டும்னு நெனச்சேன். மாட்டுனா பொலிசு..."

சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து வந்தது ஒரு கவ்வாத்துக் கத்தி! தேயிலைச் செடியை ஒரே வீச்சில் நறுக்கும் வளைந்த கத்தி. புதிதாகச் சாணை பிடித்திருந்தது.

"மாட்டலைன்னா இது! நாலரைக்கு வட்டவள பஸ் இருக்குல்ல?"



"அல்லாவே! வைங்கக்கா அத உள்ள! நீங்க ஜெயிலுக்குப் போறதுக்கா பதினெட்டு வருசம் கழிச்சி ஊருக்கு வந்தீங்க?"

"அவன் செத்தா எனக்கு ஜெயிலும் ஒண்ணுதான், குவைத்தும் ஒண்ணுதான்."

இவள் சும்மா சொல்லவில்லை... செய்வாள்! நிப்ராஸுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஓடிப்போய்ப் படியை மறித்து நின்றான். அங்கே நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது.

"அக்கா... இந்த டிஸ்க்கு செத்துப்போன விசயம் யார் யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான்."

"அப்ப இன்னும் சாகல்ல! நல்லமுத்துக்கு கோல் எடுங்க. வீடியோ ஓடிருச்சி, எல்லாம் தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லாதீங்க. மடியில கனம் இருந்தா இங்க ஓடி வருவார். வந்து வாயக் குடுப்பார். நாம பதிஞ்சிருவோம்."

ஜீவராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ வீடியோக்காரனா, திருட்டுப்பயலா?"

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லக்கா. எடுங்க ஃபோன!"

மணி மூன்று. மறுமுனையில் நாலு தடவை அடித்து, ஐந்தாவதில் எடுத்தார் நல்லமுத்து.

"யாரு?"

"வீரம்மா மக ஜீவராணி! எங்கம்மா சாவு வீடியோ என்கிட்ட இருக்கு. இன்னைக்குத்தான் ஓட விட்டுப் பாத்தேன். எல்லாம் தெரியுது. எல்லாமே!"

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"எங்க இருக்க புள்ள?"

"ஹட்டன்ல. நிப்ராஸ் கடையில."

"அங்கயே இரு. எங்கயும் போவாத. பத்திரத்த எடுத்துக்கிட்டு நான் வாறேன்."

டொக்!

"பாத்தியா? பயந்துட்டான்!" ஜீவராணியின் கண் மின்னியது.

"பயந்த மாதிரி வெளங்கல்லயேக்கா..."

நிப்ராஸ் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஃபோன் அலறியது.

தர்ஷன்!

"தம்பிகிட்ட உண்மைய சொல்லிறவா?"

"வேணாம்! த்ரீவீல் ஸ்டாண்டுல நிக்கிறவர். அவர் காதுல போட்டா தலவாக்கலை வரைக்கும் போயிரும். நல்லமுத்துக்கு சொன்னதயே சொல்லுங்க."

"அக்கா... டிஸ்க்கு சரி வந்துச்சா?" என்றான் தர்ஷன்.

"வந்துருச்சிடா! சும்மா பளிச்சின்னு தெரியுது!"

அந்தப் பக்கம் த்ரீவீல் எஞ்சின் நின்றது.

"டேய்... இருக்கியா?"

"இருக்கேன்கா... கிட்டக்க எடுத்ததெல்லாம் இருக்கா?"

"கிட்டக்க, தூரக்க எல்லாம் இருக்கு. கண்டாக்குக்கு இன்னையோட சங்குதான். இங்கதான் வாறான்!"

"யாருக்கும் காட்டாத! அந்தக் கடக்காரனுக்கும் காட்டாத! இந்தா வந்துட்டேன்!"

தம்பிக்குத்தான் நம் மேல் எவ்வளவு அக்கறை என்று ஜீவராணிக்கு நெஞ்சு நிறைந்து போனது. பாவம்... பாசம் கண்ணை மறைத்தால் அப்படித்தான்.

நிப்ராஸ் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கேமராவை ஓட விட்டு, மேலே கறுப்புத் துணியைப் போட்டு, லென்ஸுக்கு மட்டும் வழி விட்டான். பிறகு உள்ளறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

படியில் தடதடவென்று ஓசை. தர்ஷன் வந்தான். முப்பத்தெட்டு வயது, குளிருக்கு ஜாக்கெட், விரலில் த்ரீவீல் சாவி. உள்ளே வந்ததும் கண்ணாடிக் கதவின் கொண்டியைப் போட்டான்.

"ஏண்டா கதவ பூட்டுற? கண்டாக்கு வரணுமே!"

"கடக்காரன் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கான்."

மேசையில் டிஸ்க் கிடந்தது. தர்ஷன் அதை எடுத்தான்.

இரண்டு கையாலும் பிடித்து வளைத்தான்.

படார்!

"அடப்பாவி! என்னாடா செஞ்ச?"

"அம்மா மொகத்த நீ அந்தக் கோலத்துல பாக்கக் கூடாதுக்கா. அதான்... கம்பியூட்டர்ல ஏத்திட்டானா? எங்க இருக்கு? அழிக்கச் சொல்லு!"

"அழிக்கிறதா? நல்லமுத்துவ உள்ள தள்ள இருக்கிறதே அது ஒண்ணுதான்டா!"

"அதுல நல்லமுத்து இல்லல்ல!"

கத்திவிட்டான். கத்திய பிறகு அவனுக்கே திக்கென்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்காள் கையைப் பிடித்தான்.

"அக்கா... நீ பாத்துட்ட. பாத்துட்டும் என்கிட்ட ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுற. வேணாம்கா, நேரா கேளு. நான் சொல்லிர்றேன். மண்ணெண்ண போட்டு ரெண்டு தரம் தேச்சேன். அந்த ஊதா மை போகவே இல்ல. கை ரெண்டையும் சேத்து பெருவெரல துணியால கட்டுவாங்கல்ல... அந்த நேரம் பாத்து இராமையா அண்ணன் கேமரா லைட்ட போட்டுட்டாரு. நான் ரோசாப்பூவ அள்ளி வெரலு மேல வச்சேன். அதுக்கு முந்தியே எடுத்துட்டாரா?"

ஜீவராணி கையை உருவிக்கொண்டாள்.

"எந்த மைடா?"

தர்ஷன் ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

"நீ... பாத்தேன்னு சொன்னியே!"

"பாத்தேன். தப்படிக்கிறவங்க கைய பாத்தேன். சவப்பெட்டி ஓரத்த பாத்தேன். ஒம்பது விநாடி! அதோட டிஸ்க்கு செத்துருச்சி. அம்மா வெரலயே நான் பாக்கல. கேக்குறேன்ல... எந்த மை?"

பதினாலு வருடம் வாயைக் கட்டி வைத்திருந்த பயல், ஓடாத டிஸ்க்குக்குப் பயந்து தன் வாயாலேயே கொட்டிவிட்டான்!

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"தள்ளணும்னு தள்ளலக்கா. சத்தியமா! நல்லமுத்து ஐயா வீடு தேடிக்கிட்டு இருந்தாரு. நான்தான் பேசி முடிச்சி முன்பணம் வாங்குனேன். பீலிக்குப் போன அம்மா பின்னாலயே பேப்பர கொண்டுபோயி நீட்டுனேன். 'இது என் மக ரத்தம், செத்தாலும் போடமாட்டேன்'னு கிழிக்கப் பாத்தா. கைய தட்டி விட்டேன். பீலிக்கல்லுல மண்ட அடிபட்டுருச்சி..."

"ஒடனே செத்தாளா?"

அவன் விரலில் இருந்த த்ரீவீல் சாவியைத் திருகினான்.

"டேய்! ஒடனே செத்தாளாடா?"

"மொனங்குனா... ஒரு பத்து நிமிசம்..."

"நீ?"

"நின்னுக்கிட்டு இருந்தேன். யாரையாச்சும் கூப்புட்டா நான் மாட்டிக்குவேன்ல? பொறகுதான் செத்த வெரல மையில தோச்சி பேப்பர்ல..."

ஜீவராணிக்கு நெஞ்சு வெடித்தது. பதினாலு வருடம்... விடிந்து எழுந்தால், 'நல்லமுத்து கை அழுகிப் போகணும்' என்று வேண்டிக்கொண்டே அரபிக்காரி வீட்டுத் தரையைத் துடைத்தாளே! ஃபோனில் ஓவென்று அழுதானே இவன்... அவனைத் தேற்ற, அடுத்த மாதச் சம்பளம் முழுவதையும் அனுப்பி வைத்தாளே!

"போடா..." என்றாள்.

தர்ஷன் எழுந்தான். இப்போது அவன் முகத்தில் அழுகை இல்லை.

"சரி. சொல்லிட்டேன். இப்ப என்னா செய்வ? டிஸ்க்கு ஒடஞ்சிருச்சி. இருந்தாலும் அதுல ஒண்ணும் இல்லன்னு நீயே சொல்ற. இராமையா அண்ணனும் இல்ல. குவைத்துல ஒளிஞ்சி கெடந்தவ பேச்ச யாரு நம்புவா? பேசாம பஸ் ஏறி லயத்துக்குப் போ!"

அவள் நகரவில்லை. தர்ஷன் இரண்டு எட்டு வைத்து அவள் கழுத்தைப் பிடித்தான்.

"போன்னு சொல்றேன்ல!"

அடுத்த கணம் அவன் தொண்டைக்குக் கீழே ஏதோ ஜில்லென்று பட்டது.

கவ்வாத்துக் கத்தி!

கழுத்தைப் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது. தர்ஷன் பின்வாங்கினான். முதுகு சுவரில் முட்டியது. கத்தியும் கூடவே வந்தது. 

"அக்கா! வேணாம்!" திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தான் நிப்ராஸ். "எல்லாம் பதிஞ்சிருச்சி! சத்தம், படம் எல்லாம்! பொலிசுக்கும் சொல்லிட்டன்! வெட்டிராதீங்கக்கா!"

"வெட்டமாட்டேன் தம்பி." அவள் தர்ஷனின் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள். "வெட்டுனா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். எங்கம்மா உசுருக்குப் போராடுறப்ப இவன் பத்து நிமிசம் நின்னு பாத்தவன். இவனுக்கு ஒரு நிமிசம் பத்தாது. இவன் கெடந்து இழுபடணும். கிழவனாகி, பல்லு கொட்டி, கம்பிய புடிச்சிக்கிட்டு எழும்பணும். அத நான் உசுரோட இருந்து பாக்கணும்!"

கறுப்புத் துணிக்குள் எட்டிப் பார்த்த லென்ஸை அப்போதுதான் கண்டான் தர்ஷன். அப்படியே தரையில் சரிந்தான்.

டம்! டம்! டம்!

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குடையும் கோப்பும் கையுமாக நல்லமுத்து. மூச்சு வாங்கியது. நிப்ராஸ் கொண்டியை நீக்கினான்.

"எங்க அந்தப் புள்ள? நல்லா பாத்துக்க, இதுதான் பத்திரம்!" கோப்பைத் தூக்கிக் காட்டினார் அவர். "சுத்தமா வாங்குன வீடு! 'அம்மாவுக்கு ஒடம்பு முடியல, கைநாட்டு வச்சி அனுப்பிருக்கு'ன்னு உன் தம்பிதான் கொண்டாந்து குடுத்தான். பதினாலு வருசமா கடைத்தெருவுல எல்லாரும் என்னைய கள்ளன் மாதிரி பாக்குறாங்க. வீடியோல என்னா இருக்குன்னு இன்னைக்கு..."

பேச்சை நிறுத்தினார். தரையில் கிடந்த தர்ஷனைப் பார்த்தார். ஜீவராணியின் கையைப் பார்த்தார்.

"அது... யாருக்கு புள்ள?"

"ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன் ஐயா." அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. கத்தியை மேசையில் வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். "என்னைய மன்னிச்சிருங்க. ஆள் மாறிப் போச்சி."

நல்லமுத்து கத்தியின் முனையை உற்றுப் பார்த்தார். 

"பஸ் லேட்டுன்னு அந்த ட்ரைவர வண்டி நெறைய திட்டிக்கிட்டு வந்தேன். போறப்ப அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்."

கால் மணி நேரத்தில் பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் கேமராவின் சின்னத் திரையில் முழுவதையும் போட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பார்த்து முடித்ததும் தர்ஷனின் கையில் விலங்கு ஏறியது.

படியிறங்கும்போது அவன் விலங்கோடு குனிந்து ஜீவராணியின் காலைப் பிடிக்கப் பார்த்தான்.

"அக்கா! நான் ஒரே தம்பிக்கா! எனக்காக ஸ்டேசன்ல வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா! ஒரே ஒரு வார்த்த!"

ஜீவராணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னாலேயே படியிறங்கினாள்.

"கட்டாயம் சொல்றேன்டா! தமிழ்ல சொல்றேன், அவங்களுக்கு வெளங்கலைன்னா சிங்களத்துலயும் சொல்றேன். அதுவும் பத்தலைன்னா அரபியில சொல்றேன்... பதினெட்டு வருசம் வசவு வாங்கி வாங்கியே படிச்ச பாஷை, ஒரு வார்த்த தப்பாது!"